நாற்காலி இல்லாத காபிக்கடையும் நான் தூக்கச் சொன்ன பெஞ்சும்

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எப்படியும் ஒரு பதிவு போட்டே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

இது ஒரு வரலாற்றுப் பதிவு. வரலாறுன்னதும் ராஜராஜ சோழன், கல்வெட்டுன்னு நினைச்சு ஓடிடாதீங்க. 1986-ல சியாட்டில் நகரத்துல திறந்த ஒரு குட்டிக் காபிக்கடையோட கதை. அந்தக் கதையை நான் தேடிப் போய்ப் படிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது கொஞ்சம் வெட்கக்கேடான காரணம். முதல்ல அதைச் சொல்லிடுறேன். கொசுவர்த்தி சுத்திக்குங்க.

மாயவரத்துல என் சித்தப்பா ஒரு காபிக்கடை வெச்சிருக்கார். பெரிய ஓட்டல் எல்லாம் இல்லை. ஒரு பாய்லர், ஒரு பெரிய பித்தளை ஃபில்டர், நாலு பெஞ்சு, ஒரு கல்லா, ஒரு மாஸ்டர். காலையில அஞ்சுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும், சாயங்காலம் மூணுலேர்ந்து ஏழு வரைக்கும் கடை. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போயிருந்தப்ப, "வியாபாரம் முன்ன மாதிரி இல்லடா. நீதான் கம்ப்யூட்டர் இன்ஜினியராச்சே, என்ன பண்ணலாம்னு பார்த்துச் சொல்லேன்"னார்.

விடுவேனா? மறுநாள் காலையில மடிக்கணினியோட ஓரமா உக்காந்துட்டேன். யார் எத்தனை மணிக்கு வர்றாங்க, எவ்வளவு நேரம் உக்காருறாங்க, என்ன குடிக்கிறாங்கன்னு எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தினேன். அன்னிக்கு மொத்தம் 210 காபி. ஒரு ஆள் சராசரியா 20 நிமிஷம் உக்காருறார். அதுலயும் ஒரு பத்திரம் எழுதுறவர், ஒரே ஒரு காபியை வாங்கி வெச்சுக்கிட்டு ஒண்ணேகால் மணி நேரம் பேப்பர் படிச்சார். எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு.

சாயங்காலமே சித்தப்பாகிட்ட ரிப்போர்ட் கொடுத்தேன். "ரெண்டு பெஞ்சை எடுத்துடுங்க. பேப்பர் வாங்குறதை நிறுத்துங்க. நின்னு குடிச்சிட்டுப் போகட்டும். ஆள் சீக்கிரம் மாறினா வியாபாரம் ஏறும்." அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்"னுட்டு மறுவாரமே பெஞ்சை எடுத்துட்டார்.

மூணு மாசம் கழிச்சு போன் பண்ணினார். நாளுக்கு 150 காபிதான் போகுதாம். அந்தப் பத்திரக்காரர் எதிர்க்கடைக்குப் போயிட்டார். அவர் ஒரு காபிதான் குடிப்பார், வாஸ்தவம். ஆனா அவரைத் தேடி வர்ற பார்ட்டிங்க நாலு பேர், அஞ்சு பேரா வந்து ஆளுக்கு ஒரு காபி குடிப்பாங்க. அது என் எக்செல்ல வேற வரிசைல, வேற கஸ்டமரா உக்காந்திருந்துச்சு.

சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

சரி, கொசுவர்த்தியை அணைச்சிட்டு மேட்டருக்கு வருவோம். ஒரு சின்னக் காபிக்கடையை எப்படி எடை போடுறது, எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாதுன்னு உலகத்துல யாராவது முன்னாடி யோசிச்சிருப்பாங்களேன்னு தேடினப்பதான் சியாட்டில் கதை சிக்குச்சு.

ஸ்டார்பக்ஸ்னா இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும். 1971-ல ஜெரி பால்ட்வின், ஸெவ் சீகல், கோர்டன் பவுக்கர்னு மூணு நண்பர்கள் ஆரம்பிச்சது. ஆனா அப்ப அங்க போய் "ஒரு காபி குடுங்க"ன்னு கேட்டா கிடைக்காது. வறுத்த கொட்டைதான் விப்பாங்க, ருசி பார்க்க வேணா கொஞ்சம் போட்டுத் தருவாங்க. நம்ம ஊர்ல காபிப்பொடி அரைச்சுக் குடுக்குற கடை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். பெர்க்லியில 1966-ல கடை திறந்த ஆல்ஃப்ரெட் பீட்தான் அவங்களுக்கு குரு.

1982-ல ஹோவர்ட் ஷுல்ட்ஸ்னு ஒருத்தர் அங்க வேலைக்குச் சேர்ந்தார். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்வீடன் நாட்டுப் பாத்திரக் கம்பெனியோட அமெரிக்கப் பிரிவுல இருந்தவர். 1983-ல ஒரு பொருட்காட்சிக்காக இத்தாலியில மிலான் போனார். அங்க தெருவுக்குத் தெரு எஸ்பிரெஸ்ஸோ கடை. நின்னுக்கிட்டே ஒரு மடக்கு, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட ரெண்டு வார்த்தை, போடுறவருக்கு ஒவ்வொரு ஆளோட பேரும் தெரியுது. மனுஷன் ஆடிப் போயிட்டார். (நம்ம ஊருக்கு வந்திருந்தா இதுக்காக மிலான் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.)

திரும்பி வந்து முதலாளிங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி, 1984 ஏப்ரல்ல ஸ்டார்பக்ஸோட ஆறாவது கடையில ஒரு மூலையை வாங்கிட்டார். 1,500 சதுர அடிக் கடையில வெறும் 300 சதுர அடி. முதல் நாளே 400 பேர் வந்தாங்க. அதுவரைக்கும் அவங்களோட நல்லா ஓடுற கடைகளுக்கே சராசரியா 250 பேர்தான். ரெண்டே மாசத்துல அது நாளைக்கு 800 ஆச்சு. ஆனாலும் பால்ட்வின் அசையலை. "நாம கொட்டை வறுக்குறவங்க, ஓட்டல் நடத்துறவங்க இல்லை"ங்குறது அவரோட நிலைப்பாடு. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அந்த வருஷம்தான் குருநாதர் ஆரம்பிச்ச பீட்ஸ் கம்பெனியையே கடன் வாங்கி வாங்கியிருந்தாங்க. கையில காசு இல்லை.

1985 கடைசியில ஷுல்ட்ஸ் வெளியில வந்துட்டார். சொந்தக் கடைக்குப் பணம் திரட்ட 242 பேர்கிட்ட பேசினதாவும் அதுல 217 பேர் முடியாதுன்னு சொன்னதாவும் அவரே எழுதியிருக்கார். வேடிக்கை என்னன்னா, முதல் முதலீடா 1,50,000 டாலர் கொடுத்தது பழைய முதலாளி பால்ட்வின் பக்கத்துலேர்ந்துதான். தன் கடையில செய்ய மாட்டேன்னு சொன்ன ஐடியாவுக்குப் பணம் கொடுத்திருக்கார் பாருங்க.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஷுல்ட்ஸ் இல்லை. டேவ் ஓல்சன். 1975-லேர்ந்து சியாட்டில் பல்கலைக்கழகப் பகுதியில ஒரு சந்துக்குள்ள கஃபே அலெக்ரோன்னு ஒரு கடை நடத்திக்கிட்டிருந்தவர். பத்து வருஷம் தன் கையால காபி போட்டவர். ஷுல்ட்ஸுக்குக் கனவு இருந்துச்சு, பேச்சு இருந்துச்சு. ஆனா பாலை எவ்வளவு சூடு பண்ணணும், புதுசா வர்ற பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்ங்குறது ஓல்சனுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்தாங்க. ஷுல்ட்ஸ் மறுபடி இத்தாலி போய் மிலான்லயும் வெரோனாவுலயும் கிட்டத்தட்ட 500 கடைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கார். நான் ஒரே கடையில ஒரே ஒரு நாள் உக்காந்து ரிப்போர்ட் கொடுத்தேன்னு மேல சொன்னேன் இல்லையா? அதை மறுபடி ஞாபகப்படுத்த வேண்டாம்.

1986 ஏப்ரல் 8. அப்பதான் கட்டி முடிச்சிருந்த 76 மாடி கொலம்பியா சென்டர்ல கடை திறந்துச்சு. பேரு 'இல் ஜொர்னாலே'. இத்தாலி மொழியில செய்தித்தாள்னு அர்த்தம். மொத்தம் 700 சதுர அடி. முதல் நாள் கிட்டத்தட்ட 300 பேர். கவனிங்க, கடைக்குப் பேரே 'பேப்பர்'. உள்ள பேப்பர் படிக்கவும் வசதி உண்டு. நான் சித்தப்பா கடையில நிறுத்தச் சொன்ன அதே பேப்பர்!

கடையை அச்சு அசல் மிலான் மாதிரியே அமைச்சாங்க. பின்னணியில ஓப்பரா பாட்டு. காபி போடுறவங்க கழுத்துல 'போ' டை. விலைப்பட்டியல் முழுக்க இத்தாலிய வார்த்தைங்க. உக்கார நாற்காலி கிடையாது, நின்னுதான் குடிக்கணும்.

கொஞ்ச நாள்லயே புகார் வர ஆரம்பிச்சுது. ஓப்பரா காதைக் குத்துது. விலைப்பட்டியல் புரியலை. டை கட்டிக்கிட்டு வேலை செய்யறது சிரமமா இருக்கு (இது ஊழியர்கள் புகார்). எல்லாத்துக்கும் மேல, உக்கார இடம் இல்லை.

இந்த இடத்துலதான் அவங்க என்ன பண்ணினாங்கன்னு நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். பாட்டை மாத்தினாங்க. பட்டியலைத் திருத்தினாங்க. டையைக் கழட்டச் சொன்னாங்க. நாற்காலி வாங்கிப் போட்டாங்க. மேல இருக்குற ஆபீஸ்களுக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்காகக் காகிதக் குவளையில கொடுத்தாங்க. ஆனா கொட்டையோட தரம், வறுக்குற விதம், எஸ்பிரெஸ்ஸோ இறங்குற நேரம், இதுல கை வைக்கலை. எது தங்களோட ஆசை, எது காபியோட உயிர்னு பிரிச்சுப் பார்த்திருக்காங்க. இத்தாலி மாதிரி இருக்கணும்ங்குறது ஆசை. காபி நல்லா இருக்கணும்ங்குறது உயிர். ஆறு மாசத்துல நாளைக்கு 1,000 பேர் வந்தாங்க.

இங்க கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ஒரே ஒரு பெருக்கல்தான்.

ஜான் லிட்டில்னு ஒரு பேராசிரியர் 1961-ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு. லிட்டில் விதின்னே பேரு. கடைக்குள்ள சராசரியா இருக்குற ஆளுங்க எண்ணிக்கை, நிமிஷத்துக்கு எத்தனை பேர் வர்றாங்களோ அதை, ஒருத்தர் உள்ள இருக்குற நேரத்தால பெருக்கினா வரும். அவ்வளவுதான். பொட்டி தட்டுற நாம சர்வர் லோடு கணக்குப் பாக்குறது, வங்கி வரிசை எல்லாத்துக்கும் இதேதான்.

கொலம்பியா சென்டர் மாதிரி இடத்துல காலையில லிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி கூட்டம் அம்மும். 1,000 பேர்ல பாதி பேர் ரெண்டு மணி நேரத்துல வர்றாங்கன்னு வெச்சுக்குவோம் (இது என்னோட உத்தேசம்). நிமிஷத்துக்கு நாலு பேர். ஆளுக்கு மூணு நிமிஷம்னா உள்ள 12 பேர் இருப்பாங்க, சமாளிக்கலாம். எல்லாரும் 15 நிமிஷம் உக்காந்தா 60 பேர். 700 சதுர அடியில, கவுண்டர் போக, மூச்சு முட்டிடும். ஆக அந்த நேரத்துக்கு நின்னு குடிக்கிறது அவங்களுக்கு அர்த்தமுள்ள விஷயம். கூட்டம் இல்லாத பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும்தான் நாற்காலி வேலை செய்யும்.

இப்ப அதே பெருக்கலைச் சித்தப்பா கடைக்குப் போடுங்க. காலையில கூட்டம் அதிகமான ரெண்டு மணி நேரத்துல 80 பேர். ஆளுக்கு 20 நிமிஷம். உள்ள சராசரியா 13 பேர். நாலு பெஞ்சுல 16 பேர் உக்காரலாம். நாள் முழுக்கப் பார்த்தா 600 நிமிஷத்துக்கு 210 பேர், அதாவது எந்த நேரமும் ஏழு பேர்தான். பாதி பெஞ்சு காலி! இடம் பத்தாத பிரச்சினையே அந்தக் கடையில இல்லை. இல்லாத வியாதிக்கு நான் ஆபரேஷன் பண்ணி, நல்லா இருந்த காலை எடுத்துட்டேன். உக்காருற நேரத்தைக் குறைச்சா வர்ற ஆள் கூடுவாங்கன்னு எந்த விதியும் சொல்லலை. அதை நானா எழுதிக்கிட்டேன்.

அப்ப உண்மையான பிரச்சினை என்ன? அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப மாஸ்டர்கிட்ட போய் உக்காந்தேன். முதல் தடவை அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கலைங்குறது அப்பதான் உறைச்சுது. அவர் சொன்னார்: "பெஞ்சுல இடம் இல்லன்னு இதுவரைக்கும் யாரும் போனதில்ல தம்பி. டிகாஷன் இல்லன்னு போயிருக்காங்க."

விஷயம் இதுதான். விடியக்காலை நாலரை மணிக்கு ஃபில்டர் போடுவார். ஆறே முக்கால் வாக்குல டிகாஷன் தீர்ந்துடும். அடுத்தது இறங்க அரை மணி நேரம் ஆகும். சரியா ரயிலுக்குப் போறவங்க வர்ற நேரம் அது. "கொஞ்சம் பொறுங்க சார், இறங்கிடும்"னா அவங்க எங்க பொறுப்பாங்க? எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. முதல்லயே நிறையப் போட்டு வெச்சுக்கலாமேன்னு கேட்டேன். "ஆறிப் போனதைத் திரும்பச் சூடு பண்ணிக் குடுத்தா நாளைக்கு எவனும் வர மாட்டான்"னார். அதாவது, எது காபியோட உயிர்னு மாஸ்டருக்குத் தெளிவாத் தெரியும். நம்ம ஊரு ஓல்சன்!

என் எக்செல்ல உள்ள வந்து குடிச்சவங்க கணக்கு இருந்துச்சு. எட்டிப் பார்த்துட்டுப் போனவங்க கணக்கு இல்லை. பில் போடாத ஆளை எந்த சாஃப்ட்வேரும் எண்ணாது.

இன்னொரு சின்ன ஃபில்டர் வாங்கினோம். அஞ்சே முக்காலுக்கு அதைப் போட்டா ஆறரைக்குள்ள தயார். பெஞ்சும் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. பேப்பரும் வருது.

சியாட்டில் கதையோட மிச்சத்தையும் சொல்லிடுறேன். இல் ஜொர்னாலே சியாட்டில்லயே ரெண்டாவது கடை, 1987 ஏப்ரல்ல கனடாவோட வான்கூவர்ல மூணாவது கடைன்னு வளர்ந்துச்சு. அந்த ஆகஸ்டுல 38 லட்சம் டாலருக்கு ஸ்டார்பக்ஸையே வாங்கிட்டாங்க. அதுக்கு உதவி பண்ணினவங்கள்ல வக்கீல் பில் கேட்ஸ் சீனியரும் ஒருத்தர். நம்ம மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸோட அப்பாவேதான். இல் ஜொர்னாலேங்குற பேரு போச்சு, ஸ்டார்பக்ஸ்ங்குற பேரு நின்னுச்சு.

அப்புறம் பெரிய கம்பெனி ஆனதும் அவங்களும் என்னை மாதிரியே எக்செல் பைத்தியம் ஆனாங்க. வேகம் வேணும்னு தானியங்கி மிஷினுக்கு மாறினாங்க. 2007 பிப்ரவரியில ஷுல்ட்ஸே உள்ளுக்குள்ள ஒரு கடிதம் எழுதினார், அது வெளியில கசிஞ்சுடுச்சு. புது மிஷின் உயரமா இருக்கறதால, காபி போடுறவர் முகமே கஸ்டமருக்குத் தெரியலை. கொட்டையைக் காத்துப் புகாத பையில அடைச்சு அனுப்புறதால கடையில காபி வாசனையே இல்லை. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாப் பார்த்தா சரிதான், மொத்தமாச் சேர்த்துப் பார்த்தா கடை தொலைஞ்சு போச்சுங்குறதுதான் சாராம்சம். 2008 பிப்ரவரி 26 சாயங்காலம் அமெரிக்காவுல கிட்டத்தட்ட 7,100 கடைகளை மூணு மணி நேரத்துக்கு மேல மூடி, எல்லாருக்கும் எஸ்பிரெஸ்ஸோ போட மறுபடி சொல்லிக் கொடுத்தாங்க.

அதோட பாடம் முடிஞ்சுதா? இல்லை. அப்புறம் மொபைல்ல ஆர்டர் போட்டு எடுத்துக்கிட்டுப் போற பழக்கம் வந்துச்சு. பல கடைகள்ல நாற்காலி குறைஞ்சுது. உக்காரவே இடமில்லாத, வாங்கிக்கிட்டு மட்டும் போற கடைகளும் வந்துச்சு. 2024 செப்டம்பர்ல பிரையன் நிக்கல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2025-ல அந்த மாதிரிக் கடைகளைக் கைவிடப் போறதாச் சொல்லிட்டு, எடுத்த இடங்கள்ல திரும்ப நாற்காலி போட ஆரம்பிச்சாங்க. 1986-ல 700 சதுர அடிக் கடையில சில வாரத்துல கத்துக்கிட்ட பாடத்தை, 39 வருஷம் கழிச்சு மறுபடி படிக்க வேண்டியிருந்திருக்கு. எனக்கு இதைப் படிச்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சுன்னு ஒத்துக்கிறேன்.

ஆனா அவங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்க தப்பு பண்ணினா ஒரு காலாண்டு நஷ்டக் கணக்கு வரும், தலைவர் மாறுவார். சித்தப்பா கடைக்கு ஒரு தப்பே ஜாஸ்தி. இப்ப நாளைக்கு 190 காபி போகுது. ரயில்காரங்க கூடியிருக்காங்க. பத்திரக்காரர் மட்டும் திரும்ப வரலை. எதிர்க்கடை பெஞ்சு அவருக்குப் பழகிடுச்சு. கோயம்புத்தூர்ல வேலை பார்க்குற தம்பி, "போதும்ப்பா, கடையை யாருக்காவது விட்டுட்டு இங்க வந்துடுங்க"ங்குறான். வர்ற பொங்கல் வரைக்கும் பார்ப்போம்னு சித்தப்பா சொல்லியிருக்கார்.

பொங்கலுக்கு நான் போவேன். இந்தத் தடவை மடிக்கணினி எடுத்துட்டுப் போறதா இல்லை. பத்திரக்காரரைப் பார்த்து, தப்பு என்னோடதுன்னு சொல்லி, ஒரு காபிக்குக் கூப்பிடணும். வருவாரான்னு தெரியலை.

டிஸ்கி: இதைப் படிக்கிறவங்கள்ல யாருக்காவது வீட்டுல கடை இருந்து, "நீ இன்ஜினியர்தானே"ன்னு கேட்டா, முதல் நாள் எதையும் எண்ணாதீங்க. மாஸ்டர்கிட்ட போய் உக்காருங்க. உங்க அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் சொல்லுங்க, சித்தப்பா திட்டாததையும் சேர்த்து வாங்கிக்கிறேன்.